டோரதியின் நாற்பது பேர்

நெட்டுக்குப்பம், எண்ணூர்
5 ஏப்ரல் 1971

காலேஜ் டீச்சரம்மா குணசுந்தரி அவர்களுக்கு, நெட்டுக்குப்பம் நீலமேகம் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது.

எலெக்‌ஷன் மை இன்னும் விரலை விட்டுப் போகலை. கரண்டு எடுக்கிற சிம்னி எங்க குப்பத்துக்கு மேல புகைவிட ஆரம்பிச்சு ஒரு வருசம். சென்சஸ் எழுதறவங்க கதவுல நம்பர் போட்டுட்டுப் போய்ப் பத்து நாள் ஆகலை. இந்த வருசத்துல, மாசி கடைசியில, உங்க மாணவி டோரதி நோட்டுப் புத்தகத்தோட எங்க குப்பத்துக்கு வந்துச்சு. வருசத்தை முதல்ல சொல்லிடறேன். ஏன்னா தகராறே அதுலதான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்ணூர் தபாலாபீஸ் வாசல்ல மணியார்டர் பாரம் எழுதற கமாலுதீன் பாய் எழுதறார். நான் ‘இன்னா’ன்னு சொன்னா ‘என்ன’ன்னு எழுதிக்கினு வர்றார். காலேஜுக்குப் போற கடுதாசியாம். சில எடத்துல கை அசந்து நான் சொன்னபடியே போட்டுடுவார். மன்னிக்கணும்.

நேத்து குருத்தோலை ஞாயிறு. கோயில்லேர்ந்து நேரா, கையில ஓலையோட அந்தப் பொண்ணு என் வீட்டுக்கு வந்துச்சு. அழலை. அழுதிருந்தாலும் பரவாயில்லை. ‘தாத்தா, நீங்க சொன்ன வயசெல்லாம் நான் வீட்டுல உக்காந்து எழுதினதுன்னு மிஸ் சொல்லிட்டாங்க. ரிக்கார்டுல சைபர்’னு சொல்லிட்டு, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிடுச்சு. ரிக்கார்டு சைபர்னா பரீட்சை எழுத விடமாட்டாங்களாமே.

புள்ளியியல் வகுப்புக்கு நீங்க போட்ட ஏழு சட்டத்தையும் அது எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டிச்சு. முதல் சட்டம், நூறு நாள்ல எழுபத்தஞ்சு நாளாவது வகுப்புக்கு வரணும். ரெண்டாவது, நோட்டு சொந்தக் கையெழுத்துல இருக்கணும். மூணாவது, நாப்பது பேருடைய விவரத்தை நேர்ல போய், அவங்க அவங்க வீட்டு வாசல்ல நின்னு வாங்கணும். நாலாவது, ஒரு எண்ணு பொய்யா இருந்தாலும் மொத்தமும் சைபர். அஞ்சாவது, எழுதினதைப் பொண்ணு திருத்தக் கூடாது, தகவல் சொன்ன ஆளே கையெழுத்தோ கைநாட்டோ போட்டுத்தான் திருத்தணும். மிச்ச ரெண்டும் தெரியும். பாய்க்குக் கை வலிக்குதாம்.

அது நாலு நாள் வந்துச்சு. பதினோரு வீட்டு வாசல்ல நின்னுச்சு. வெயில்ல நின்ன பொண்ணை வீட்டுல உக்காந்துச்சுன்னு சொன்னது ஞாயமில்லை. கூடவே வந்து வயசு சொன்னவன் நான். கேக்கறதா இருந்தா என்னைக் கேளுங்க.

இப்படிக்கு
நீலமேகம் (இடது கைப் பெருவிரல்)

---

ராயபுரம், சென்னை-13
9 ஏப்ரல் 1971

மதிப்பிற்குரிய பெரியவர் நீலமேகம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. விதிகளை எழுதிய எனக்கே ஐந்தாவது எது என்று தாளை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்குவது என் கடமை. பிறந்த தேதி எழுதி வைக்காத இடத்தில் நாற்பது பேரை வயது கேட்டால், பாதிப்பேராவது நாற்பது, ஐம்பது, அறுபத்தைந்து என்று பத்தாகவோ ஐந்தாகவோ சேர்த்துத்தான் சொல்வார்கள். அது பொய் அல்ல, உத்தேசம். பதினோரு ஆண்டுகளாக எல்லா மாணவியரின் நோட்டிலும் இதைத்தான் பார்க்கிறேன். டோரதியின் நோட்டில் சைபரிலோ ஐந்திலோ முடிவது எட்டே எட்டு வயதுகள். மற்றதெல்லாம் நாற்பத்தொன்பது, ஐம்பத்தாறு, இருபத்தேழு. ஊரில் எல்லோரிடமும் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் பத்துக்கு இரண்டு வீதம் நாற்பதுக்கு எட்டு வரும். பாடப்புத்தகத்தில் வரும். நெட்டுக்குப்பத்தில் வந்தால் நான் சந்தேகப்படத்தான் வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் புளியந்தோப்பில் ஒரு தெருவில் அறுபது பேரைப் பார்த்ததாக எழுதி வந்தாள். அவ்வளவு அழகான நோட்டு. வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அப்படி ஒரு தெருவே கிடையாது. வகுப்பு முழுக்க அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. நாலாவது விதி அதற்கு மறுநாள் எழுதியது.

கேட்க வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். உங்கள் கடிதத்தை எழுதியது டோரதி இல்லையே? நாற்பது பேர் பிறந்த வருடத்தை ஒருவர் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால், எப்படி?

தங்கள்
குணசுந்தரி

---

நெட்டுக்குப்பம்
13 ஏப்ரல் 1971

டீச்சரம்மாவுக்கு,

நாளைக்கு வருசப் பிறப்பு. சண்டையோட வருசம் பிறக்க வேணாம்னுதான் இன்னிக்கே எழுதச் சொன்னேன்.

கமாலுதீன் பாய்க்குக் கோபம். முப்பது வருசமா இந்த வாசல்ல எழுதறேன், என் கையெழுத்தைப் பொம்பளப்புள்ளை கையெழுத்துன்னுட்டாங்களேன்னு பேஜாராயிட்டார். ரெண்டு டீ வாங்கிக் குடுத்துத்தான் உக்கார வெச்சேன். வேணும்னா எண்ணூருக்கு வந்து அவர் மூஞ்சியைப் பாத்துக்குங்க, தாடி கீது.

எப்படின்னு கேட்டீங்க. சொல்றேன்.

எங்க குப்பத்துல பிள்ளை பொறந்தா அப்பங்காரன் பதினோரு நாள் கடல்ல கால் வைக்கமாட்டான். ஆனா கட்டுமரம் நிக்கக் கூடாது. ஒரு துடுப்பு கொறைஞ்சா மரம் திரும்பாது. அதனால அவன் எடத்துல வேற ஆள் ஏறணும். அந்த வேற ஆள் நான்தான். எனக்குக் கல்யாணமாகி முப்பதாம் நாள் எம்டன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டி மேல குண்டு போட்டுச்சு. அதுலேர்ந்து பதிமூணு வருசம் என் வீட்டுல பிள்ளையே பொறக்கலை. பிள்ளை இல்லாதவன் எந்நேரமும் கடலுக்குப் போகலாமே. ஆக, அப்பவும் சரி, அப்புறமும் சரி, யார் வீட்டுல பிள்ளை பொறந்தாலும் ‘நீலமேகத்தைக் கூப்பிடு’ம்பாங்க. பதினோரு நாள் இன்னொருத்தன் துடுப்பைப் புடிச்சிருந்தா அது யார் துடுப்புன்னு கைக்குத் தெரியும். அந்தப் பதினோரு நாள்ல என்ன மீன் பட்டுச்சு, ஊர்ல என்ன நடந்துச்சுன்னும் தெரியும். எம்டன் வெளிச்சத்துல துடுப்புப் போட்டது பெரியதம்பிக்காக. அவன் மகனுக்கு இப்ப அம்பத்தாறு. இங்கிலீஸ் ராஜா மகன் மெட்ராஸ் வந்து கடைத்தெருவெல்லாம் அடிதடி நடந்தப்ப பொறந்தவ பக்கத்து வீட்டுத் தாயம்மா. நாப்பத்தொன்பது. ஜப்பான்காரன் ப்ளேன் வந்துட்டுப் போன வாரம் பொறந்தவனுக்கு இருபத்தேழு. இதுல உத்தேசம் எங்க கீது?

தாயம்மா பத்து வருசமா நாப்பதுன்னே சொல்லிக்கினு இருந்தா. டோரதி முன்னாடி நான் நாப்பத்தொன்பதுன்னதுலேர்ந்து என்னோட பேச்சு இல்லை. கொழம்பு குடுத்தனுப்பறதும் நின்னுபோச்சு. சர்க்கார் ஆள் கேட்டப்ப நானும்தான் எண்பதுன்னு சொன்னேன். சர்க்காருக்கு முழுசா சொல்றது எங்க வழக்கம். அந்தப் பொண்ணு சர்க்கார் இல்லையே. ‘தாத்தா, நிஜமா சொல்லுங்க’ன்னு கேட்டுச்சு. எழுபத்தெட்டுன்னேன்.

உங்களுக்கு ஆதாரம் வேணும். பட்டியல்ல ஃப்ளோரான்னு ஒருத்தி கீறா, பாருங்க. ராயபுரத்துலேர்ந்து எங்க குப்பத்துக்கு வாழ வந்தவ. அவ தன்னை அம்பதுன்னு நெனச்சுக்கினு இருந்தா. நான் அம்பத்திரெண்டுன்னேன். முதல் பெரிய சண்டை முடியப்போற சமயம், ஜுரம் வந்து வீட்டுக்கு வீடு பொணம் விழுந்த வருசம். ராயபுரத்துல துடுப்புக்கு ஆள் இல்லைன்னு ரெண்டு மாசம் அங்க போயிருந்தேன். அவ அப்பன் சூசை என் தோஸ்து. அவன் துடுப்பைத்தான் புடிச்சேன். ஐப்பசியில பொறந்தா. வேதக்கார வீடு, கோயில்ல எழுதியிருப்பாங்க. ராயபுரம் உங்களுக்குக் கிட்டத்தான். போய்ப் பாருங்க.

நீலமேகம்

---

ராயபுரம்
20 ஏப்ரல் 1971

பெரியவருக்கு,

ஈஸ்டர் முடிந்த வாரம் கோயிலுக்குப் போனேன். ஞானஸ்நானப் பதிவேட்டின் அந்தப் பக்கம் பொடிந்து போயிருந்தது. ஃப்ளோரா, தகப்பன் சூசை. 1918 நவம்பர் 10. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு மாதத்தில் எழுதிய அடக்கங்களை எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

நீங்கள் சொன்னது சரி. டோரதியிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்ற எண்ணத்தோடுதான், மீதிப் பெயர்களையும் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று ஞாயிறன்று எண்ணூர் வந்தேன். நீங்கள் வலைநூல் வாங்க ராயபுரம் போயிருந்ததாகச் சொன்னார்கள். ஒரே பாதையில் எதிரெதிரே போயிருக்கிறோம்.

பத்து வீடுகளிலும் எல்லாம் நோட்டில் இருந்தபடியே இருந்தது. கடைசியாக உங்கள் வீட்டு வாசலில் நின்றேன். நோட்டில் உங்கள் வீட்டுக்கு இரண்டு பேர். நீலமேகம், எழுபத்தெட்டு. மகன் ஜெயவேல், நாற்பத்து மூன்று, தொழில் மீன்பிடி. மகன் எப்போது வருவார் என்று பக்கத்து வீட்டில் கேட்டேன். தாயம்மா முதலில் உங்களைப் பற்றிக் கோபமாகத்தான் ஏதோ சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘அது கடலுக்குப் போயி பத்து வருசம் தாண்டிச்சும்மா. பெரியவர் கிட்ட கேட்டுடாதீங்க’ என்றார்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. மன்னியுங்கள்.

அந்த வரியை நானே அடித்துவிட்டு முப்பத்தொன்பது என்று வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அடித்தால் டோரதி ஒரு பொய் எழுதினாள் என்பது நோட்டில் நிற்கும். தவிர, உங்களைக் கேட்காமல் உங்கள் மகனை அடிக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? ஐந்தாவது விதி ஒன்றுதான் வழி. தகவல் தந்தவர் தாமே திருத்தி, கைநாட்டு வைத்துத் தர வேண்டும். அப்படித் தந்தால் ஆள் குறைந்ததற்கு இரண்டு மதிப்பெண்தான் போகும். பரீட்சைக்கு உட்காருவோர் பட்டியலை முப்பதாம் தேதி மூடுகிறார்கள்.

டோரதியிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

குணசுந்தரி

---

நெட்டுக்குப்பம்
23 ஏப்ரல் 1971

டீச்சரம்மாவுக்கு,

அந்தப் பொண்ணு பொய் எழுதலை. வீட்டுல எத்தினி பேர்னு கேட்டுச்சு. ரெண்டுன்னேன். சுவத்துல ரெண்டு தட்டு மாட்டியிருந்ததைப் பாத்துச்சு. மகன் எங்கன்னு கேட்டுச்சு. கடலுக்குப் போயிருக்கான்னேன். எழுதிக்கிச்சு.

நானும் பொய் சொல்லலை. போனவன் போயிருக்கான். உடம்பு கரைக்கு வரலை. வராதவனுக்கு எங்க வீட்டுல காரியம் பண்றது இல்லை. பூவம்மா, என் வீட்டுக்காரி, ஏழு வருசம் அந்தத் தட்டுல சோறு போட்டு வெச்சா. அவ போய் நாலு வருசம் ஆகப்போவுது. கடைசியா என்கிட்ட சொன்னது, ‘தட்டைக் கழுவிக் கவுத்துடாதே.’ அவ்வளவுதான்.

வருசா வருசம் தை மாசம் அவனுக்கு ஒரு வயசு கூட்டிக்கினு வர்றேன். உங்க நாப்பது பேர்ல நான் கஷ்டப்படாம சொன்ன வயசு அது ஒண்ணுதான்.

ஃப்ளோரா வயசுக்குக் கோயில் புஸ்தகம் இருந்துச்சு, போய்ப் பாத்தீங்க. இதுக்கு எங்க போய்ப் பாப்பீங்க?

கைநாட்டு வைக்கமாட்டேன். பாய் இதை எழுத மாட்டேன்னார், பொண்ணு பாவம்னார். எழுதுய்யான்னு சொல்லித்தான் எழுத வெச்சேன்.

நீலமேகம்

---

ராயபுரம்
26 ஏப்ரல் 1971

பெரியவருக்கு,

இனி உங்களைக் கேட்கமாட்டேன். இந்தக் கடிதம் கேட்பதற்கு அல்ல.

டோரதியை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். நோட்டை மூடி வைத்தாள். பிறகு, ‘தாத்தா கிட்ட யாரும் போக வேணாம் மிஸ். நான் அடுத்த வருஷம் உக்காந்து எழுதிக்கறேன்’ என்றாள். அவள் தகப்பனார் இக்னேஷியஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இந்த வருடம் தவறினால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று பேசி முடித்திருக்கிறார். அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். மீறி எழுதுகிறேன். நீங்கள் எனக்கு எதையும் மறைக்காமல் எழுதினீர்கள். உங்களிடம் நான் மறைப்பது சரியில்லை.

முதல்வரிடம் போய், விதியைத் தளர்த்த முடியுமா என்று கேட்டேன். ‘நீங்கள் கேட்டு வாங்கிய விதிதானே அது’ என்றார். உண்மைதான். இல்லாத தெருவை எழுதி வருகிறவர்களை நினைத்து எழுதியது. காத்திருக்கிற ஒரு வீடு அதில் மாட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாயம்மா மேல் கோபப்படாதீர்கள். உங்கள் பேச்சை எடுத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

குணசுந்தரி

---

நெட்டுக்குப்பம்
28 ஏப்ரல் 1971

டீச்சரம்மாவுக்கு,

கடுதாசியைப் பாய் ரெண்டு தடவை படிச்சார். மூணாவது தடவை வேணாம்னேன். எனக்கு ஏறிடுச்சு.

தாயம்மா மேல எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்லாம போனது நாப்பத்தொன்பதுக்காகன்னு எழுதினேனே, அது முழுசா உண்மை இல்லை. அவ கடைசிப் பொண்ணு தங்கபுஷ்பம். பட்டியல்ல கீது, வயசு பத்து. டோரதி அந்தப் பொண்ணு வயசைக் கேட்டப்ப நான் கொஞ்ச நேரம் பேசலை. தாயம்மா என் மூஞ்சியையே பாத்துக்கினு நின்னா. அப்புறம் பத்துன்னு சொல்லிட்டு, அவ மேல கோவமா ‘உனக்கு நாப்பத்தொன்பது’ன்னுட்டேன்.

அந்தப் புள்ளை பொறந்தது சீனாக்காரன் சண்டைக்கு ரெண்டு வருசம் முன்னாடி ஐப்பசியில. தாயம்மா புருசன் பதினோரு நாள் கரையில நிக்கணும். வழக்கப்படி என்னைத்தான் வந்து கூப்பிட்டாங்க. அப்ப எனக்கு அறுபத்தெட்டு ஆகப்போவுது. மழைக்காத்து. முகத்துவாரத்துல அலை சரியில்லை. ‘டேய், என் எடத்துக்கு நீ போடா’ன்னேன். ஜெயவேல் வலை பின்னிக்கினு உக்காந்திருந்தான். ‘இன்னா நைனா, வயசாயிடுச்சா’ன்னு சிரிச்சிக்கினே எழுந்து போனான்.

நாலு பேர் ஏறினாங்க. மூணு பேர் நீந்திக் கரை வந்தாங்க.

இதை நான் பூவம்மாகிட்டக் கூடச் சொன்னதில்லை. அவனா போனான்னு அவ நெனச்சுக்கினா. நான் விட்டுட்டேன். செத்துட்டான்னு ஒரு தடவை சொல்லிட்டா, யாரு அனுப்பினதுன்னு அடுத்த கேள்வி வருமே. பத்து வருசமா நான் அவனுக்கு வயசு கூட்டிக்கினு வந்தது அவனுக்காக இல்லை டீச்சரம்மா.

அவன் பொறந்தப்ப என் துடுப்பைப் புடிக்கறதுக்குக் குப்பமே அடிச்சிக்கிச்சு. பதிமூணு வருசம் எல்லாருக்கும் ஏறினவன் வீட்டுல பிள்ளை வந்திருக்கு, நான்தான் ஏறுவேன், இல்லை நான்தான்னு. நாளுக்கு ஒருத்தரா பதினோரு பேர் முறை போட்டுக்கினு ஏறினாங்க. அவங்க பேரெல்லாம் சொல்லட்டுமா? பெரியதம்பி, அவன் தம்பி, ராயபுரத்துலேர்ந்து சூசை. பாய் வேணாங்கறார். அதுல இப்ப ஒருத்தரும் இல்லை.

நேத்துச் சாயங்காலம் தாயம்மா வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு, ‘நான்தான் அவனை அனுப்பினேன், தெரியுமா’ன்னு கேட்டேன். ‘தெரியும்ணே. அன்னிக்குப் பிள்ளை பெத்து உள்ள படுத்துக்கினு கேட்டுக்கினுதான் இருந்தேன்’னா. பத்து வருசம் தெரிஞ்சே கொழம்பு குடுத்தனுப்பியிருக்கா. அப்புறம் உள்ள போய் கொழம்பு எடுத்துக்கினு வந்தா. ஒரு கிண்ணம்தான். எப்பவும் ரெண்டு பேருக்குக் குடுக்கறவ.

டோரதிக்குச் சொல்லுங்க, வெயில்ல நின்னது வீண் போகலைன்னு. அவ அப்பாரு கிரேன்காரருக்கும் சொல்லுங்க, பொண்ணு எழுதிக்கினு போன நாப்பது பேர்ல முப்பத்தொன்பது பேரை யார் வேணா வந்து பாத்துக்கலாம். மிச்சம் ஒண்ணு நான் சொன்னது.

இது தனித்தாள்ல எழுதி, கமாலுதீன் பாய் சாட்சியோட, அஞ்சாவது சட்டப்படி:

நெட்டுக்குப்பம் நீலமேகம் ஆகிய நான், டோரதியிடம் மாசி மாசம் சொன்ன தகவலை இன்னிக்கு நானே திருத்துகிறேன். என் மகன் ஜெயவேல், தை மாசம் பொறந்தவன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருசம் ஐப்பசியில், முப்பத்திரெண்டு வயசில், எண்ணூர் முகத்துவாரத்தில், என் எடத்துக்குப் போன கட்டுமரத்தில் இறந்துபோனான்.

வீட்டில் உயிரோட இருப்பவர், ஒருத்தர். நீலமேகம். எழுபத்தெட்டு.